வள்ளத்துப் பங்கு

அன்றைக்குக் கரையில் இருந்தவர்களைச் சொல்லிவிடுகிறேன். சம்மாட்டி இருந்தார், வள்ளத்துக்குச் சொந்தக்காரர், மடக்கு நாற்காலியில் குடையோடு. அவருடைய கணக்கப்பிள்ளை இருந்தார், பக்கத்தில் நின்றபடி. எங்கள் தண்டல் இருந்தார், வள்ளம் ஓட்டுகிற மூத்த ஆள், ஒரு காது கேட்காது. சங்கு முங்குகிற பெரியவன் இருந்தான். அவனுக்குக் கயிறு பிடிக்கிற அவன் மச்சினன் இருந்தான். என் மச்சான் இருந்தார், என் அக்காளைக் கட்டியவர், அவரும் முங்குகிறவர்தான். அவருக்குக் கயிறு பிடிக்கிற நான் இருந்தேன். எங்களுக்குப் பின்னால் வள்ளம் கிடந்தது, ஒரு பக்கம் சாய்ந்து, தண்ணீர் சொட்டிக்கொண்டு. அதையும் சேர்த்துக்கொள்ளணும். சண்டையே அதன் பேரில்தான் வந்தது.

சங்கு எடுக்கிற முறை தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். முங்குகிறவன் ஒரு கல்லில் கால் வைத்து அடிக்கு இறங்குவான். தரையைத் தடவிச் சங்கைப் பொறுக்கிக் கழுத்தில் தொங்குகிற பையில் போடுவான். இடுப்பில் ஒரு கயிறு கட்டியிருக்கும். மூச்சு முட்டும்போது அதை ஒரு இழுப்பு இழுப்பான். மேலே இருக்கிறவன் அந்த நிமிஷமே தூக்கணும். பராக்குப் பார்த்தால் ஆள் போச்சு. அதனால் கயிறு பிடிப்பது எங்கள் கரையில் மச்சினன் வேலை. கூடப் பிறந்த தம்பியிடம்கூடக் கொடுக்கமாட்டார்கள். "தம்பிக்காரன் கைய விட்டாம்னா அவனுக்குச் சொத்துல பங்கு வரும். மச்சினன் விட்டாம்னா என்ன வரும்? தாலியறுத்த அக்காதான் வீட்டுக்கு வருவா" என்று தண்டல் சொல்லிச் சிரிப்பார்.

எடுத்த சங்கு எங்களுக்குச் சொந்தமில்லை. கடலும் சங்கும் சர்க்காருடையது. சர்க்கார் கிட்டங்கியில், சரக்கு அடுக்குகிற கட்டடத்தில், கொண்டுபோய் எண்ணிப் போட்டால் சங்குக்கு இவ்வளவு என்று கூலி. அந்தக் காசு ஏழு பங்காகும். ஐந்து பேருக்கும் ஆளுக்கொரு பங்கு. வள்ளத்துக்கு இரண்டு. வள்ளத்துப் பங்கு சம்மாட்டி வீட்டுக்குப் போகும். பலகை மாற்றுவது, பாய் தைப்பது, கயிறு வாங்குவது எல்லாம் சம்மாட்டி பொறுப்பு. எங்கள் அப்பன், அவன் அப்பன் காலத்திலும் அப்படித்தான். யாரும் ஏனென்று கேட்டதில்லை.

மச்சான் கேட்டார். அவர் கொழும்புத் துறைமுகத்தில் மூன்று வருஷம் மூட்டை தூக்கியவர். அங்கே சங்கத்தில் சேர்ந்து, வேலைநிறுத்தத்தில் நின்று, அடிபட்டுத் திரும்பியவர். வரும்போது ஒரு தகரப்பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுவந்தார். அக்காள் சீலை இருக்குமென்று திறந்து பார்த்துவிட்டு இரண்டு நாள் பேசவில்லை. உழைக்காதவனுக்குச் சோறு கிடையாது, உழைக்காத எதுக்கும் பங்கு கிடையாது என்பது அவர் வாயில் எப்போதும் கிடக்கிற பேச்சு. மாதா கோயிலில் பூசை நடக்கும்போதுகூடப் பக்கத்தில் நிற்கிறவனிடம் அதைத்தான் முணுமுணுப்பார். நல்ல மனுஷர். அதை முதலில் எழுதிவிடுகிறேன், பின்னால் கோபத்தில் மறந்துபோகும்.

அன்றைக்குக் கணக்கப்பிள்ளை காசைக் கூறு வைத்து முடித்ததும் மச்சான் எழுந்தார். "சம்மாட்டி, ஒரு சந்தேகம். இந்த மரம் இன்னைக்கு முங்குச்சா?"

கணக்கப்பிள்ளை சிரித்தார். சம்மாட்டி சிரிக்கவில்லை.

"மரம் மூச்சடக்குச்சா? அதுக்கு மூக்குல ரத்தம் வந்துச்சா? முங்குத எனக்கு ஒரு பங்கு. கரையில சாஞ்சு கெடக்க மரத்துக்கு ரெண்டு. அது எந்த வயித்துக்குள்ள போவுது?"

"மரம் இல்லாம நீந்திப் போயி எடும்வே, பாப்போம்" என்றார் சம்மாட்டி. "நான் துட்டைப் போட்டிருக்கேன். அது முங்கிப் போச்சுன்னா நட்டம் எனக்கா, ஒனக்கா?"

"வள்ளம் முங்குனா நாங்களும்தான் முங்குவோம். அந்த நட்டத்துக்கு எத்தனை பங்கு போட்டிருக்கீரு? மரத்தைச் செஞ்ச ஆசாரி கூலி வாங்கிட்டுப் போயி பத்து வருசமாச்சு. நீரு போட்ட துட்டு நாலு தடவை திரும்பியாச்சு. இன்னும் எத்தனை தடவை திரும்பணும்?"

தண்டலுக்கு ஒன்றும் கேட்கவில்லை. என்னிடம் குனிந்து, "என்னல சொல்லுதான்?" என்றார்.

"மரத்துக்குப் பங்கு வேண்டாங்காரு."

"மரம் என்ன சொல்லுது?"

எல்லோரும் சிரித்தோம். சம்மாட்டிக்கும் அப்போதுதான் சிரிப்பு வந்தது. குடையை மடக்கிக் கடல் பக்கம் காட்டினார். "எல்லாம் பொதுவாகணும்னுதானல சொல்லுதே. அந்தா கெடக்கே கடல், அது சர்க்காருக்கு. சங்கு சர்க்காருக்கு. ஒரு மொதலாளியும் அதுல கைவைக்க முடியாது. உன் பொதுவுடைமை எங்க தாத்தா காலத்துலயே இங்கன வந்தாச்சு. நல்லா வயிறு ரொம்புதா?"

மச்சான் விடவில்லை, "சர்க்கார் யாருது? வெள்ளக்காரனுது. அது நம்மளுது ஆகட்டும், அன்னைக்கு வாரும் பேசுவோம்" என்றார்.

அவர் சொன்னதும் எனக்குச் சரியாகப் பட்டது. இவர் சொன்னதும் சரியாகப் பட்டது. மூன்றாம் வகுப்போடு நின்றவனுக்கு அவ்வளவுதான் முடியும். படித்தவர்கள் இன்றைக்கும் அந்த இரண்டு பேச்சையும் தாண்டவில்லை என்பதைப் பிறகு பார்த்தேன். வார்த்தைதான் கனத்திருக்கிறது.

"அவ்வளவு ரோசம் இருந்தா சொந்தமா ஒரு வள்ளம் வாங்கிப் பாருலே" என்றார் சம்மாட்டி கடைசியாக. "வாங்கத்தான் போறோம்" என்றார் மச்சான். எங்களைக் கேட்காமலேதான் சொன்னார். ஆனால் ஐந்து பேரும் வாங்கினோம். தருவைகுளத்தில் ஒருவர் பழைய வள்ளத்தை விற்கிறார் என்று கேள்விப்பட்டு நடந்தே போனோம். அக்காள் கழுத்துச் சங்கிலியைக் கழற்றிக் கொடுத்தாள். மற்ற வீடுகளில் காதில் கிடந்தது, பானையில் கிடந்தது எல்லாம் வந்தது. எங்கள் கரையில் சம்மாட்டி இல்லாமல் தண்ணீரில் இறங்கிய முதல் வள்ளம் அது. வள்ளத்தின் முன்முனையில், அணியத்தில், மச்சான் சிவப்புத் துணி கட்டினார். பெரியவன் அதற்குப் பக்கத்தில் மாதா படம் ஒட்டினான். யாரும் யாரையும் தடுக்கவில்லை.

முதல் நாள் கூலி வந்ததும் மச்சான் தன் கையாலேயே கூறு வைத்தார். ஐந்து கூறு. "மரத்துக்கு ஒண்ணும் கெடையாது" என்று சத்தமாகச் சொன்னார், பக்கத்து வள்ளத்துக்காரர்கள் கேட்கட்டும் என்று. கேட்டார்கள். சாயங்காலத்துக்குள் கரை முழுக்க அதுதான் பேச்சு. எனக்கும் சந்தோஷம்தான், இல்லையென்று சொல்லமாட்டேன். அது ஜப்பான் சண்டைக்காலம். பர்மா அரிசி நின்றுபோய், ரேஷன் அரிசி பாதி கல்லாக இருந்தது. நல்ல அரிசி கள்ளத்தனமாக விற்கிறவனிடம்தான் கிடைக்கும். ஏழில் ஒன்று வாங்கிய கை ஐந்தில் ஒன்று வாங்கியதும் என் வீட்டில் மூன்று நேரம் உலை வைத்தார்கள். அந்தச் சோற்றை நானும்தான் தின்றேன்.

இதில் நடந்த தப்பு எங்களைப் போன்றவர்களால்தான் நடக்கும். நாங்கள் யாரும் வாழ்நாளில் கயிறு வாங்கியதில்லை. கயிறு என்றால் சம்மாட்டி கிட்டங்கியிலிருந்து வரும். தேய்ந்தால் போய் நிற்போம், திட்டிக்கொண்டே இன்னொன்றைத் தூக்கிப் போடுவார். அது எங்கள் புத்தியில் மழை மாதிரி, எங்கிருந்தோ வருகிற சாமான். சம்மாட்டியை நீக்கினோம். அவர் பங்கை நீக்கினோம். அவர் பார்த்த வேலையை யார் பார்ப்பது என்று ஐந்து பேரில் ஒருவன் கேட்கவில்லை. புத்தகம் படித்த மச்சானும் கேட்கவில்லை.

கயிறு தேய்வது முதலில் தெரிவது பிடிக்கிறவன் உள்ளங்கைக்கு. வள்ளத்தோடு வந்த பழைய கயிறு அது. இரண்டு மாசத்தில் நார் பிரிந்து கையில் குத்த ஆரம்பித்தது. கூறு வைக்கும்போது சொன்னேன். "மச்சான், இடுப்புக் கயிறு போயிட்டு. ரெண்டு நாள் கூலியை ஒதுக்கி வைப்போம். புதுசு வாங்கிருவோம்."

அவர் சிரித்தார். "வள்ளத்துப் பங்கு பின்வாசல் வழியா வருதா, மாப்ளே? இன்னைக்குக் கயிறும்பே. நாளைக்குப் பாயும்பே. நாளான்னைக்கு நீயே மடக்கு நாற்காலியில உக்காந்திருப்பே."

எல்லோரும் சிரித்தார்கள். தண்டல் எதற்கென்று தெரியாமலே சிரித்தார். எனக்கு வெட்கமாகிவிட்டது. நானும் சிரித்தேன்.

சொல்லாமல் கடைக்குப் போனேன். கயிற்றுக்கடை அண்ணாச்சி கையை விரித்தார். "கயிறா? வார கயிறு அம்புட்டும் பட்டாளத்துக்குப் போவுது தம்பி. மிச்சத்தை உங்க சம்மாட்டி வாங்கி அடுக்கி வச்சிருக்காரு. வெலை ஏறட்டும்னு இருக்காரு. அங்கன போயி கேளு." போனேன். கிட்டங்கிக் கதவு திறந்துதான் இருந்தது. உள்ளே கூரை வரைக்கும் கயிறு, சுருள் சுருளாக, மஞ்சளாக. எங்கள் கையால் பிடிக்கிற சாமான் அவ்வளவையும் ஒரே இடத்தில் நான் பார்த்ததில்லை.

சம்மாட்டி ரொம்ப மரியாதையாகப் பேசினார். உட்காரச் சொன்னார். "தம்பி, மரத்துக்குத்தான் பங்கு கெடையாதே, பொறவு கயிறு எதுக்கு?" என்றார். நான் காசு தருகிறேன் என்றேன். "துட்டு எனக்கு வேண்டாம். வள்ளத்துல எனக்கு ஒரு பங்குன்னு அஞ்சு பேரும் கைநாட்டு வச்சுத் தாங்க. இப்பவே எடுத்துட்டுப் போ. ஒண்ணுக்கு ரெண்டா எடுத்துட்டுப் போ." கயிறு அவருக்கு விற்கிற சாமான். என் காசை வாங்கினால் அவருக்கு லாபம்தான். ஆனால் அவருக்கு வேண்டியது லாபமில்லை. எங்கள் கூறு மறுபடியும் அவர் காலடியில் வந்து நிற்கணும்.

வந்து சொன்னேன். மச்சானுக்கு முகம் சிவந்துவிட்டது. "ஒரு கயித்துக்கு வள்ளத்தைக் கேக்கானா? அவங்கிட்ட யாரு உன்னைப் போச்சொன்னா?" என்று என்னைத்தான் திட்டினார். பிறகு தணிந்து, "பிரிஞ்ச எடத்தை வெட்டிட்டுப் பிணைச்சுப் போடு. இந்தப் பருவம் தாங்கும். முடிஞ்சதும் கொச்சிக்கே போயி வாங்கிட்டு வருவோம், போதுமா?" என்றார். பருவம் முடிய இன்னும் ஒரு மாசம் இருந்தது. நான் வெட்டினேன். பிணைத்தேன். வேண்டாம், முங்காதீரும் என்று சொல்லியிருக்கணும். கயிறு பிடிக்கிறவன் சொன்னால் முங்குகிறவன் இறங்கக் கூடாது என்பதும் எங்கள் கரை வழக்கம்தான். அந்த அதிகாரம் என் கையில் இருந்தது. சம்மாட்டி ஆகிவிடுவேன் என்று சொன்ன ஒரு கேலிக்குப் பயந்து நான் வாயை மூடிக்கொண்டேன்.

அது நல்ல வெயில் நாள். தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. நாங்கள் நின்ற பார், சங்கு கிடக்கிற கடலடித் திட்டு, ஒன்பது பாகம் ஆழம். பாகம் என்றால் ஒரு ஆள் இரண்டு கையையும் விரித்த நீளம். ஒன்பது பாகத்துக்கு இறங்குகிறவன் இடுப்பில் பதினொரு பாகமாவது கயிறு வேண்டும். பெரியவன் தன் நாலாவது முங்கை முடித்து வந்துவிட்டான். மச்சான் நாலாவது தடவை இறங்கினார். இறங்குமுன், "நல்லா சங்கு கெடக்கு மாப்ளே, பை நெறையத்தான் வருவேன்" என்றார். கொஞ்ச நேரத்தில் கயிறு இழுபட்டது. தூக்கினேன். பை நிறையச் சங்கு, கனமாக இருந்தது. நாலு பாகம் வந்திருக்கும். கை லேசாகிவிட்டது. நான் பின்னால் விழுந்தேன். கையில் கயிறு இருந்தது. அதன் நுனியில் ஒன்றும் இல்லை.

பெரியவன் உடனே குதித்தான். நானும் குதித்தேன். எனக்கு அவ்வளவு ஆழம் இறங்கத் தெரியாது. கழுத்துப் பையின் கனம் அவரைத் திரும்ப அடிக்குக் கொண்டுபோயிருந்தது. பெரியவன் இரண்டாவது முங்கில்தான் கண்டுபிடித்தான். மேலே கொண்டுவந்து போட்டபோது மூக்கிலும் காதிலும் ரத்தம். உயிர் இல்லை. பை கழுத்தில் அப்படியே இருந்தது. தண்டல் பாயை ஏற்றாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு எல்லாம் கேட்டதுபோல் இருந்தது அன்றைக்கு மட்டும்.

கரையில் அக்காள் அழவில்லை. என் கையைப் பிடித்துத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்தாள். "கயிறு உன் கையிலதானல இருந்துச்சு?" என்றாள். அதற்குப் பிறகு இருபத்திரண்டு வருஷம் உயிரோடிருந்தாள். அந்தக் கேள்வியை இன்னொரு தடவை கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லது.

மறுநாள் அடக்கம். டவுன் தொழிலாளர் சங்கத்திலிருந்து தலைவர் ஒருவர் மாலையோடு வந்தார். கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று பேசினார். முதலாளித்துவம் பலி கொண்ட தோழர் என்றார். சம்மாட்டி கயிற்றைப் பதுக்கி வைத்தது நிஜம்தான். ஆனால் இரண்டு நாள் கூலியை ஒதுக்கச் சொல்லி நான் கேட்டது அந்தத் தலைவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ள அவர் நிற்கவும் இல்லை. அந்தப் பக்கம் சம்மாட்டி குடையோடு நின்றார். வருகிறவர் போகிறவரிடம் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தார். "மரத்துக்குப் பங்கு இல்லன்னான். மரம் அதுக்கு உள்ள பங்கை எடுத்துக்கிட்டு." அவரை அங்கேயே அடித்துக் கொல்லணும் என்று இருந்தது எனக்கு. போகவில்லை. வள்ளத்துப் பங்கை அவர் தெரிந்து தின்றார். மாடி கட்டினார். நாங்கள் தெரியாமல் தின்றோம். கயிற்றுக்கு இரண்டும் ஒன்றுதான். 

பருவம் முடிவதற்குள் வள்ளம் விலைக்குச் சம்மாட்டி கைக்குப் போய்விட்டது. பெரியவனும் அவன் மச்சினனும் பழையபடி ஏழில் ஒன்றுக்குப் போனார்கள். நான் துறைமுகத்துக்கு மூட்டை தூக்கப் போனேன். பிறகு யாருக்கும் கயிறு பிடிக்கவே இல்லை. போன மாசம் சங்கத்துக்காரர்கள் ஒரு நினைவு மலர் அச்சுப் போட்டிருக்கிறார்கள். அதில் மச்சான் பெயர் இருக்கிறது. சுரண்டலை எதிர்த்து உயிர் கொடுத்தவர் என்று இரண்டு வரி. சம்மாட்டியின் பேரன் இப்போது பெரிய ஏற்றுமதிக்காரன். அவனும் ஒரு கூட்டத்தில் எங்கள் வள்ளத்தைப் பற்றிப் பேசினானாம். ஐந்து பேர் சேர்ந்து முதலாளி இல்லாமல் நடத்திப் பார்த்தார்கள், என்ன ஆனது பாருங்கள் என்று. கூட்டம் சிரித்ததாம். பீச் ரோட்டு டீக்கடையில் இரண்டு பையன்கள் இதே கதையை ஆளுக்கொரு பக்கம் இழுத்துக்கொண்டிருந்தார்கள். என் முன்னால்தான். நான் யாரென்று அவர்களுக்குத் தெரியாது. இரண்டு பேருக்கும் மச்சான் ஒரு உதாரணம். அவருக்கு இடது கன்னத்தில் குழி விழும், சிரித்தால். மீன் முள்ளைப் பூனைக்கென்று தனியாக எடுத்து வைப்பார். எந்தப் பக்கத்துக்காரனுக்கும் அது தேவைப்படவில்லை.

அடக்கத்தன்று நடந்த ஒன்றை மலரிலும் போடவில்லை, கூட்டத்திலும் சொல்லவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். குழி வெட்டி முடித்த பிறகுதான் பெட்டியை இறக்கக் கயிறு இல்லை என்று தெரிந்தது. கோயில் கயிறு இற்றுப்போயிருந்தது. யாரோ ஓடினார்கள். சம்மாட்டியின் கணக்கப்பிள்ளை தோளில் ஒரு சுருளோடு வந்தார். புதுக் கொச்சிக் கயிறு, மஞ்சள் நிறம், நார் வாசம்கூடப் போகவில்லை. "துட்டு வேண்டாம்னு சொல்லிட்டாரு" என்றார் கணக்கப்பிள்ளை. கைநாட்டும் கேட்கவில்லை. அதை இரண்டாக மடித்துப் பெட்டிக்கு அடியில் கொடுத்து இறக்கினார்கள். சாமியார் ஜெபம் சொன்னார். எல்லோரும் ஒரு பிடி மண் போட்டுவிட்டுப் போனார்கள். கயிறு குழியோரம் கிடந்தது. யாரும் எடுக்கவில்லை. நான் அதன் ஒரு நுனியைப் பிடித்தேன். முங்குகிறவன் கயிற்றை அளக்கிறபடி இரண்டு கையையும் விரித்து அளந்தேன், நுனியிலிருந்து நுனி வரைக்கும், ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு.

பன்னிரண்டு பாகம்.